ஞானமுத்துவின் நான்காம் தட்டு

1968 மே 11, சனிக்கிழமை. சென்னை வண்டி தாதர் நிலையத்தில் நின்றபோது காலை மணி ஏழு ஐம்பது. ஒரு மணி பத்து நிமிடம் தாமதம். கல்யாணில் இறங்கிக்கொண்ட அம்பர்நாத் ஆலைத் தொழிலாளி ஒருவர் முன்னதாகவே எச்சரித்திருந்தார்: “தாதர்ல பொட்டிய மொதல்ல எறக்குங்க, அப்புறம் நீங்க குதிங்க. இந்த ஊர்ல வண்டி மாமனாருக்குக்கூட நிக்காது.” அப்படியே செய்தேன். ஆனால் பெட்டியைக் கைக்குழந்தையை இறக்குவதுபோல இறக்கினேன். உள்ளே வேட்டிகளுக்கு நடுவில் மூன்று இசைத்தட்டுகள் இருந்தன.

அவற்றை 1964 செப்டம்பரில் திருநெல்வேலிச் சந்திப்பில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கினேன். புத்தகம்போலத் திறக்கும் தடித்த அட்டை உறை. நான்கு தட்டுக்கு இடம், மூன்றுதான் இருந்தன. மேலே, ‘பாடல்களை இயற்றிப் பாடியவர் வே. ஞானமுத்து, தாராவி, பம்பாய், 1961’ என்று அச்சிட்டிருந்தது. பழைய தமிழ்த் தட்டுகளைப் பட்டியலிட்டு வைப்பது என் பொழுதுபோக்கு. எந்தக் கடை விவரப் பட்டியலிலும், நான் புரட்டிய எந்தப் பத்திரிகையிலும் இந்த ஆல்பத்தைப் பற்றி ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை.

ஆனால் கேட்கத் தொடங்கியவன் நிறுத்தவில்லை. புல்புல்தாரா ஒன்றைத் தவிர வேறு பக்கவாத்தியம் கிடையாது. கரகரத்த, அவசரப்படாத குரல். தோல் பதனிடும் கொட்டகையில் உப்பு தின்ற விரல்கள், விடுப்புக் கிடைக்காமல் போன பண்டிகை, குழாயடியில் விடியுமுன் நிற்கும் குடங்கள் என்று இவற்றைத்தான் பாடுகிறார். யாரையும் புகழவில்லை, யாருக்கும் புத்தி சொல்லவில்லை. ஒவ்வொரு பாட்டிலும் ஒரு கிழமையோ மாதமோ வந்துவிடும். எதற்கும் தேதி எழுதிவைக்கும் எனக்கு அதில் ஒரு சொந்தம். நான்காம் ஆண்டிலும் அந்தப் பாட்டுகள் எனக்குப் புளிக்கவில்லை. காணாமல்போன நான்காம் தட்டில் ‘தாலாட்டு’, ‘ஒப்பாரி’ என்று இரண்டு பாட்டுகள் இருப்பதாக உறை சொன்னது. உறையிலிருந்த முகவரிக்கு எழுதினேன். மூன்றாவது கடிதத்துக்கு, அவர் குடிமாறியிருந்த செம்பூரிலிருந்து அஞ்சலட்டை வந்தது: ‘வாங்க, பேசலாம். அந்தத் தட்டு என்னிடம் இல்லை.’

தங்கியது மாதுங்காவில், கல்லூரித் தோழன் விசுவநாதன் வீட்டில். பாலக்காட்டுக் குடும்பம், அவன் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறான். தாராவிக்கும் போக வேண்டும் என்றதும் காபி டம்ளரைக் கீழே வைத்தான்.

“தாராவிக்கா? அங்கே நோக்கு யாருடா இருக்கா?”

“எவ்வளவு தூரம்?”

“ஒரு மைல் இருக்கும். பதினேழு வருஷமா ஆபீசுக்குப் போற வழியிலே ரயில் ஜன்னலாலே பாத்திருக்கேன். எறங்கினதில்லை.” சற்று யோசித்துவிட்டு, “நீ ஆயிரம் மைல் தாண்டி வந்து அங்கே போறே. வேடிக்கைதான்” என்றான்.

பிற்பகல் மூன்று மணி. கிங்ஸ் சர்க்கிளிலிருந்து சயான் வழியாகச் செம்பூருக்குப் பேருந்து, இருபது பைசா. நான்கு மைலுக்குச் சற்று மேல். செம்பூரை நெருங்கும்போதே காற்றில் மண்ணெண்ணெய் வாடை. டிராம்பே பக்கம் எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலையின் புகைபோக்கியில் பகலிலும் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. அந்த ஆலைக் குழாய்களுக்கு வண்ணம் பூசும் காண்டிராக்ட் வேலைதான் இப்போது ஞானமுத்துவுக்கு. ‘சால்’ என்று சொல்லும் ஓட்டுவீட்டு வரிசையில் கடைசி அறை. வயது நாற்பத்தெட்டு என்றார். நகக்கண்களில் அலுமினிய வண்ணம்.

“ஒங்க கடுதாசி மூணும் வந்துச்சி சார். மொத ரெண்டையும் பயந்து மூடிவச்சிட்டேன். எவனோ கேஸ் போடுதான்னு நெனச்சேன்” என்று சிரித்தார்.

உறையைத் திறந்து மூன்று தட்டுகளையும் காட்டினேன். தொடவில்லை. நான்காவது எங்கே என்று கேட்டேன்.

“அறுவத்திரெண்டு சனவரி. தாராவியில ஒரு ஞானஸ்நான வீடு. நம்ம அருளப்பன் மைக் செட்டு. அவன் சின்னதுலயே இங்க வந்துட்டான். தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. வீட்டுக்காரரு தட்டை வாங்கிப் பாத்து, ‘தாலாட்டுன்னு போட்டிருக்கு, போடுப்பா’ன்னாரு. போட்டான்.”

“தாலாட்டு வரவில்லையா?”

“ஒப்பாரி வந்துச்சி. ரெண்டு குழாய் ஸ்பீக்கர்லயும், தெரு பூரா. தட்டு அச்சடிச்ச எடத்துல ரெண்டு பக்கத்துச் சீட்டையும் மாத்தி ஒட்டிட்டானுவ. நான் பந்தியில எலைக்கு முன்னால ஒக்காந்திருக்கேன்.”

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது பள்ளிக்கூடம் போகிறதாம். ஆனால் தட்டின் மேல் அபசகுனம் என்ற பேர் விழுந்துவிட்டது. வாங்கியவர்கள் உடைத்தார்கள். தட்டுகளை விற்றுக்கொடுத்த மாதுங்காக் கடைக்காரர் மிச்சத்தைத் திருப்பி அனுப்பினார். சில மாதம் கழித்து ஒரு சாவு வீட்டில் அருளப்பன் துணிந்து அந்தப் பாட்டைப் போட்டிருக்கிறான். அழாதவர்களும் அழுதார்களாம்.

“அன்னையிலேருந்து தாராவியில எவன் செத்தாலும் என் குரலுதான் மொதல்ல போவும். புள்ளத்தாச்சிப் பொம்பளைங்க என்னயக் கண்டா சந்து மாறிப் போனாங்க. ஒரு நல்ல காரியத்துக்கு எவனும் கூப்புடல. பாட்டு பந்த். இங்க வந்துட்டேன்.” நகக்கண்ணிலிருந்த வண்ணத்தைச் சுரண்டினார். “நாளைக்குச் சுட்டி, வேலைக்கு லீவு. நீங்க கூட வந்தா தாராவிக்கு வாரேன். அந்தத் தட்டை வாங்கணும்.”

“எனக்காகவா?”

“ஒடைக்கதுக்கு.”

என் பட்டியலில் அந்த இடத்தை நிரப்ப வந்தவன் நான். அன்றிரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

மே 12, ஞாயிறு. காலை பத்து மணிக்குச் சயானில் சந்தித்து நடந்தோம். சுண்ணாம்பும் உப்பும் பச்சைத்தோலும் கலந்த வாடை முதலில் வந்தது, பிறகுதான் தெரு. பூசை முடிந்து கோயிலிலிருந்து திரும்பும் கூட்டம். காதில் விழுந்ததெல்லாம் பாளையங்கோட்டைச் சந்தைப் பேச்சு, நடுநடுவே இந்தி. ஓரிடத்தில் இரண்டு பெண்கள் அவரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு வாசலுக்குள் ஒதுங்கினார்கள். அவர் நடையை மாற்றவில்லை.

அருளப்பனின் கடை பத்தடிக்கு எட்டடி. வாசலுக்கு மேலே இரண்டு குழாய் ஒலிபெருக்கிகள். உள்ளே மின்கலங்கள், கம்பிச் சுருள்கள், ஓர் இசைப்பெட்டி.

“வாங்கண்ணாச்சி! இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சா? சாவு வீட்டுல ஒங்களுக்குள்ள மவுசு பாதிரியாருக்குக்கூடக் கெடையாது!”

“அதை நிறுத்தத்தாம்ல வந்திருக்கேன். தட்டைக் கொண்டா.”

அருளப்பனின் சிரிப்பு நின்றது. தலையணை உறையில் சுற்றிய தட்டை ஒரு பிஸ்கட் டப்பாவிலிருந்து எடுத்துவந்து, மறுபேச்சில்லாமல் அவர் கையில் கொடுத்தான். நடுச்சீட்டில் சிவப்பு வண்ணத்தில் ஒரு பொட்டு. அதுதான் அவனுக்கு எழுத்து: சிவப்புப் பக்கம் சாவுக்கு. அச்சு ‘தாலாட்டு’ என்றது. ஆறு வருடத்து ஊசிகள் ஓடி அந்தப் பக்கம் கற்பலகைபோல வெளுத்திருந்தது.

தட்டைத் திருப்பிப் பார்க்கலாமா என்று கேட்டேன். திருப்பினார். மறுபக்கம் கருங்கண்ணாடி. ஒரு கீறல் இல்லை. எங்கள் மூவர் முகங்களும் அதில் தெரிந்தன. அச்சு ‘ஒப்பாரி’ என்றது. படிக்கத் தெரிந்தவர்கள் அந்தச் சொல்லுக்குப் பயந்து அதைத் தொடவில்லை. படிக்கத் தெரியாத அருளப்பனுக்கோ பொட்டில்லாத பக்கத்தில் வேலையில்லை.

“ஒடைங்கண்ணாச்சி, ஒங்க தட்டு” என்றான் அருளப்பன். “ஆனா வார வாரம் எவனாவது செத்தா நீங்களே வந்து ஒக்காந்து அழணும், சொல்லிட்டேன்.”

“உடைப்பதற்கு முன் இந்தப் பக்கத்தை ஒருமுறை கேட்கலாமா?” என்றேன் நான்.

ஞானமுத்து தட்டை விடவில்லை. அருளப்பன்தான் மெதுவாக அவர் விரல்களிலிருந்து அதை எடுத்து, புது ஊசி மாட்டி வைத்தான். வாசல் ஒலிபெருக்கிகளை அணைக்கவில்லை. மறந்தானா, வேண்டுமென்றேதானா என்று அவனை நான் கேட்கவில்லை.

“தாதருல வண்டி நிக்க, தலைச்சுமையா நானிறங்க,
ஆத்துத்தண்ணி பாக்காத அழகுமணி, கண்ணுறங்கு;
திங்கக்கெழம மில்லுச் சங்கூதும், தெருவெல்லாம் முழிச்சுக்கிடும்,
குழாயில தண்ணி வருமுன்னே கொஞ்சநேரம் கண்ணுறங்கு.”

நேற்றுப் பதிவு செய்ததுபோன்ற குரல். ஆறேழு வயது இளைய ஞானமுத்து பாட, எதிரே இருந்தவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர்வீட்டுப் படியிலிருந்து ஒரு பெண் தோளில் குழந்தையைத் தட்டிக்கொண்டே வந்தாள். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்து ஆறு மாதமாகிறதாம்; பழைய கதை எதுவும் தெரியாது, சாவு வீட்டுத் தட்டில் தேய்ந்துபோன குரலோடு இதைச் சேர்த்துப் பார்க்கவும் இல்லை.

“யாருண்ணாச்சி இது? எங்க ஊருப் பேச்சால்லா இருக்கு! தண்ணி வருமுன்னே தூங்குங்கான் பாருங்க, எங்க வீட்டுக்குள்ள எட்டிப் பாத்தவன் மாதிரி. இன்னொரு மட்டம் போடுங்க, இவ கண்ணு சொருகுது.”

அருளப்பன் மோவாயால் ஞானமுத்துவைக் காட்டினான்.

“நீங்களா? பொறவு எங்கயும் ஒங்கள கேட்டதில்லையே, ஏன்?”

அருளப்பன் ஊசிக்கையைத் தூக்கியவன் தயங்கினான். “அண்ணாச்சி, இது ஒண்ணுதான் மிச்சம். போடப் போடத் தேஞ்சிரும்.”

“தேயட்டும்ல” என்றார் ஞானமுத்து. “அந்தப் பக்கம் தேஞ்சிச்சில்லா? இதும் தேயட்டும். போடு.”

பன்னிரண்டு இருபதுக்குள் நான்கு முறை ஓடியது. நான்காவது முறை, காலையில் வாசலுக்குள் ஒதுங்கிய இருவரில் ஒருத்தி சந்து முனையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அருகே வரவில்லை. விலை கேட்க வந்த நான் கேட்காமலே திரும்பினேன்.

மே 13, திங்கள். பிற்பகல், தாதர். ஞானமுத்து அரைநாள் விடுப்புப் போட்டு வழியனுப்ப வந்திருந்தார். வரும் ஞாயிறு, மே 19 அன்று, தாராவியில் ஒரு ஞானஸ்நான வீடு. அங்கே தாலாட்டுப் பக்கத்தைப் போடப்போவதாக அருளப்பன் சொல்லியனுப்பினானாம். வீட்டார் சம்மதிப்பார்களா என்பது அவனுக்கே தெரியாது.

“நீங்கள் போவீர்களா?”

“கூப்ட்டாப் போவேன்” என்றார்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. சாவு வீட்டுக்கு அழைப்பை எதிர்பார்க்கக் கூடாது. நல்ல காரியத்துக்கு அழைக்காமல் போகக் கூடாது. ஊரைவிட்டு ஆயிரம் மைல் வந்தவர்கள் எத்தனையோ விட்டார்கள், இதை விடவில்லை. ஆறு ஆண்டுகளாக அந்த மனிதரின் குரல் அழைப்பில்லாமல் வீடுவீடாகப் போய்வந்திருக்கிறது. அவர் ஒரே ஓர் அழைப்புக்குக் காத்திருக்கிறார்.

மே 19 கழிந்துவிட்டது. என்ன ஆயிற்று என்று கேட்டு எழுதியிருக்கிறேன். இதை எழுதும் ஜூன் 2 வரை பதில் இல்லை. இன்று ஞாயிறு, தபால் கிடையாது.