புதுத் தேக்சா

எங்கள் பள்ளிக்கு மட்டும் ஜூன் மாதத்தில்தான் ஆண்டு முடியும். கோரிப்பாளையத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரும் அதற்குள் அடுத்த வகுப்புக்குப் போய், புதுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டு, புது டீச்சரிடம் முதல் திட்டும் வாங்கி முடித்திருப்பார்கள். நான் ஒருத்தி மட்டும் பழைய வகுப்பின் அழுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பேன். “என்னடி, பெயிலாக்கிட்டாங்களா?” என்று எதிர்வீட்டுப் பெண் தினமும் கேட்பாள். “இன்டர்நேஷனல்ல அப்படித்தான்” என்று நானும் தினமும் சொல்வேன்.

இன்டர்நேஷனல் என்பது பெயர்ப்பலகையில் பெரிதாக இருந்தது. வராந்தாவில் பல நாட்டுக் கொடிகள் தொங்கின. ஆள் என்று பார்த்தால், துபாயிலிருந்து திரும்பிவந்த ஒரு பையன்தான் மொத்தப் பள்ளிக்கும் வெளிநாடு. வாடிப்பட்டிக்குப் பக்கத்தில், சுற்றிலும் தென்னந்தோப்பு இருக்க, நடுவில் கண்ணாடி வைத்துக் கட்டிய கட்டடம். கார் சீட் கவர் கடை வைத்திருந்த அத்தா, ஒருநாள் அந்த வழியாகக் காரில் போகும்போது அதைப் பார்த்துவிட்டு, மகள் இங்கேதான் படிக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்.

அந்தப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்தால் பெற்றோரும் சேர்ந்த மாதிரிதான். மாதம் ஒருமுறை அவர்களுக்கும் கூட்டம் உண்டு. பேரன்ட் கம்யூனிட்டி என்று அதற்குப் பெயர். அத்தா கடையைக் காட்டித் தப்பித்துக்கொள்வார். அம்மாதான் எங்களோடு பள்ளி பஸ்ஸில் ஏறி வருவாள். பஸ்ஸில் வரும் அம்மாக்களுக்குப் பெயர் கிடையாது. எந்த நிறுத்தத்தில் ஏறுகிறார்களோ அதுதான் பெயர். எங்கள் அம்மா கோரிப்பாளையம் ஆன்ட்டி. அம்மா தன் பக்கத்தில் கைப்பையை வைத்து இடம் பிடித்துவைப்பது விளாங்குடி ஆன்ட்டிக்காக.

விளாங்குடி ஆன்ட்டியின் கணவர் வங்கி அதிகாரி. மகள் என் பெஞ்சு. ஆன்ட்டி ஏறியதும் பஸ் கலகலப்பாகிவிடும்.

“என்ன கோரிப்பாளையம், இன்னைக்காவது மீட்டிங்குல முழிச்சிருப்பீகளா?”

“ஏசியப் போட்டுவிட்டு இங்கிலீசுல பேசுனா தூக்கம் வராம வேற என்ன வரும்? அவுக பேசி முடிச்சதும் எழுப்பிவிடுங்க விளாங்குடி.”

பெயர் தெரியாமல் இல்லை. இருவருக்கும் அந்தப் பெயர்கள் பிடித்துப்போயிருந்தன, அவ்வளவுதான். கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆன்ட்டி ஆங்கிலத்தைக் காதோரம் தமிழாக்கிச் சொல்ல, அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். மற்ற அம்மாக்கள் கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் கட்டடத்தில் அம்மா சிரித்துப் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரியாமல் இருந்தது. ஆன்ட்டி எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், “இப்பத்தான் சாப்பிட்டு வாரேன்” என்பார். காலையில் வந்தாலும் அதே, மதியம் வந்தாலும் அதே. ஒரு டம்ளர் தண்ணீரோடு சரி. அவர்கள் வீட்டில் முட்டைகூடச் சேர்ப்பதில்லை, கறி ஆக்கிய பாத்திரத்தில் எதுவும் சாப்பிட மாட்டார்கள் என்று அவர் மகள் என்னிடம் சொல்லியிருந்தாள். ஆன்ட்டி ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. அம்மாவும் வற்புறுத்தியதில்லை. “எம்புட்டு நல்ல பசியில்லாத பொம்பள” என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அந்த ஆண்டு முடியப்போகும் சமயத்தில், பஸ்ஸில் ஆன்ட்டி சொன்னார். “இவுகளுக்குக் கோயம்புத்தூருக்கு மாத்தலாயிருச்சு. பள்ளிக்கூடம் முடிஞ்சதும் கெளம்பணும்.” அம்மா “அப்படியா” என்றாள். பிறகு சமயநல்லூர் தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த வாரம் பள்ளியிலிருந்து செய்தி வந்தது. ஆண்டு நிறைவு விருந்து. பெற்றோர் ஒவ்வொருவரும் தங்கள் பண்பாட்டைச் சொல்லும் ஒரு உணவை வீட்டில் செய்து கொண்டுவர வேண்டும். வகுப்பில் மிஸ் யார் என்ன கொண்டுவருவீர்கள் என்று கேட்டு முடிப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

“மட்டன் பிரியாணி மிஸ்!”

வகுப்பே திரும்பிப் பார்த்தது. துபாய்ப் பையன் கேட்டான், “பீஸ் பெருசா இருக்குமா?”

“ஒன் உள்ளங்கை அளவு இருக்கும்.”

அன்றிலிருந்து எனக்கு வகுப்பில் நடந்த மரியாதையே வேறு. பென்சில் சீவிக் கொடுத்தார்கள். ஊஞ்சலில் முதல் ஆட்டம் எனக்கு. வீட்டில் இதைச் சொல்வதற்கு முன்பே அம்மா முடிவு செய்திருந்தாள். காய் பிரியாணி.

நான் அழுதேன். தரையில் படுத்துப் பார்த்தேன். அத்தாவே என் பக்கம் பேசினார்.

“பாய் வீட்டுல இருந்து காய் பிரியாணி போனா ஊரு என்ன சொல்லும்? கறிக்கடைக்காரன் என்னையப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிருவான்.”

“ஊரு சாப்பிட்டுட்டுச் சொல்லட்டும்” என்றாள் அம்மா. “நோன்ப வச்சுக்கிட்டு என்னால கறி கழுவிக்கிட்டு இருக்க முடியாது.”

அது நோன்பு மாதம், உண்மைதான். ஆனால் தினமும் மாலை நோன்புக் கஞ்சியில் கொத்துக்கறி மிதந்துகொண்டுதான் இருந்தது. அதை யார் கழுவினார்கள் என்று நான் கேட்டேன். அம்மா வெங்காயக் கூடையை என் பக்கம் தள்ளினாள்.

அதோடு நிற்கவில்லை. பிரியாணி போடுவதற்கென்றே எங்கள் வீட்டில் பெரிய தேக்சா ஒன்று இருந்தது. பெருநாள், கல்யாணம், காதுகுத்து என்று எல்லாம் பார்த்த பாத்திரம். அதை விட்டுவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு கீழவாசல் பாத்திரக் கடைக்குப் போய்ப் புதுத் தேக்சாவும் புதுக் கரண்டியும் வாங்கினாள்.

“பழசு என்னாச்சு?”

“ஓட்டை.”

வீட்டுக்கு வந்து பழைய தேக்சாவில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

விருந்து நாளன்று அம்மா அடுப்பையும் மேடையையும் இரண்டு தடவை தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் தொடங்கினாள். நோன்பு வைத்தவர்கள் ருசி பார்க்க முடியாது. அந்த மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் உப்புப் பார்ப்பது என் உத்தியோகம். அன்றும் கரண்டி என் வாய்க்கு வந்தது.

“உப்பு சரியா இருக்கா?”

“காய்க்கு உப்பு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன.”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு. இன்னைக்கு மட்டும் தப்பிரக் கூடாது.”

நன்றாகத்தான் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. “பரவாயில்ல” என்றேன். அம்மா விடவில்லை. இன்னும் ஒரு கரண்டி கொடுத்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். “சரியாத்தான் இருக்கு!” என்று கத்திய பிறகுதான் தேக்சாவை மூடினாள்.

விருந்து மாலையில். பஸ்ஸில் டிரைவர் அண்ணன் தேக்சாவைத் தன் இருக்கைக்குப் பின்னால் வைத்துக் கயிறு கட்டினார்.

“என்னக்கா, வாசம் ஆளைத் தூக்குது. நமக்கு ஒரு எலும்பாவது தட்டுப்படுமா?”

“காய்தாண்ணே.”

டிரைவர் அண்ணன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த அனுதாபம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

விளாங்குடியில் ஆன்ட்டி ஏறினார். கையில் ஹாட்பேக், அதில் புளியோதரை. வழக்கம்போல் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், கயிறு கட்டிய தேக்சாவைப் பார்த்தார்.

“புதுசா?”

“ஆமா. பழசு ஓட்டை.”

“கறியா?”

“காய்தான். நோன்புல கறி கழுவ முடியலை.”

ஆன்ட்டி தேக்சாவின் மூடியை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். வாடிப்பட்டி வரை அவர் வாய் மூடி வந்தது அன்றைக்கு மட்டும்தான்.

பள்ளி மைதானத்தில் நீளமாக மேஜைகள் போட்டிருந்தார்கள். பண்பாட்டைச் சொல்லும் உணவு என்றதற்குப் பாதி அம்மாக்கள் பாஸ்தா கொண்டுவந்திருந்தார்கள். மதுரையில் பாஸ்தா அவ்வளவு ஆழமாக வேர்விட்டிருந்தது எனக்கு அன்றுதான் தெரிந்தது. என் வகுப்பு முழுவதும் எங்கள் தேக்சாவைச் சுற்றி நின்றது. அம்மா மூடியைத் திறந்தாள். துபாய்ப் பையன் கரண்டியை வாங்கி அடிவரை கிளறிப் பார்த்தான். கேரட் வந்தது. பட்டாணி வந்தது. மறுபடியும் கேரட் வந்தது.

“உள்ளங்கை எங்க?” என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாடி அம்மாக்களில் ஒருவர், “ஓ, வெஜ்ஜா?” என்று கேட்டுவிட்டுப் பாஸ்தா பக்கம் நகர்ந்தார். நான் ஓடிப்போய் ஊஞ்சலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

அங்கிருந்து பார்த்தேன். அம்மா முதல் தட்டை எடுத்து, ஓரத்தைத் துணியால் துடைத்து, முந்திரியெல்லாம் மேலே வருகிற மாதிரி அள்ளி வைத்து, விளாங்குடி ஆன்ட்டியிடம் நீட்டினாள். ஆன்ட்டி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாங்கியவர் சாப்பிடவில்லை. தட்டோடு நின்று பேசினார். தட்டோடு நடந்தார். மற்றவர்கள் சாப்பிட்டு முடித்துக் கைகழுவப் போனபோதும் அந்தத் தட்டு அப்படியே இருந்தது. அம்மா ஆட்களுக்குப் பரிமாறிக்கொண்டே அடிக்கடி அந்தத் தட்டைப் பார்த்தாள். பிறகு ஆன்ட்டி மேஜை ஓரமாகப் போய், காலியான தன் ஹாட்பேக்கில் பிரியாணியைக் கொட்டி மூடினார். அம்மா அதையும் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கரண்டியைத் துடைக்கத் தொடங்கினாள். சுத்தமாக இருந்த கரண்டி அது.

என் கோபம் துபாய்ப் பையனிடமிருந்து ஆன்ட்டி மேல் திரும்பியது. அவன் கேலி செய்தாலும் இரண்டு தட்டு சாப்பிட்டான். இவர் ஒரு வாய்கூட வைக்கவில்லை. அடுத்த வாரம் ஊரைவிட்டுப் போகிறவர், அம்மாவுக்காக ஒரு வாய் தின்றால்தான் என்ன?

திரும்பும்போது இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்கள். இடையில் அம்மாவின் கைப்பை இருந்தது. ஆன்ட்டியின் மகள் என் தோளில் தூங்கிவிட்டாள். விளாங்குடி வந்தது. டிரைவர் அண்ணன் கதவைத் திறந்தார். ஆன்ட்டி எழவில்லை.

“இறங்கலையாம்மா?”

“இல்லண்ணே. நானும் கோரிப்பாளையம் வரைக்கும் வாரேன். அங்கருந்து ஆட்டோவுல போயிக்கிருவேன்.”

“எதுக்கு?” என்றாள் அம்மா.

“சும்மாதான். வரக் கூடாதா?”

செல்லூரைத் தாண்டியதும் வண்டிகள் நெருக்கிக்கொண்டன. எங்கள் நிறுத்தம் கண்ணுக்குத் தெரிகிறது, பஸ் நகரவில்லை. ஆட்டோக்களும் டவுன் பஸ்களும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தபோது அதற்கு மேலாக, நோன்பு திறக்கும் நேரத்தைச் சொல்லும் மக்ரிப் பாங்கு கேட்டது. அம்மா அவசரமாகக் கைப்பையைத் திறந்து பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டு, தண்ணீர் குடித்தாள். அவள் பாட்டிலை மூடுவதற்குள் ஆன்ட்டி ஹாட்பேக்கைத் திறந்து மடியில் வைத்திருந்தார்.

“இந்தாங்க கோரிப்பாளையம். இப்பச் சாப்பிடலாம்ல?”

அம்மா பிரியாணியைப் பார்த்தாள். ஆன்ட்டியைப் பார்த்தாள்.

“இம்புட்டு நேரமா நீங்க...”

“நீங்க பட்டினியா நின்னு எல்லாருக்கும் போடுறீக. நான் உங்க முன்னாடி நின்னு வளைச்சுக் கட்டவா? மதியமும் சாப்பிடலை. பசி கண்ணைக் கட்டுது, சீக்கிரம் கை வைங்க.”

ஒரே ஹாட்பேக்கில் இரண்டு கைகள் போயின. சோறு ஆறி, கட்டிதட்டிப் போயிருந்தது. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு அப்படியே நிறுத்தினாள்.

“உப்பு கம்மியோ?”

“நல்லாத்தான் இருக்கு. பேசாமத் தின்னுங்க.”

“இல்ல, கொஞ்சம் கம்மிதான். இவளை நம்பி விட்டேன் பாருங்க.”

இருவரும் சிரித்தார்கள். அம்மாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. மிளகாயைக் கடித்திருப்பாள் என்று நினைத்தேன். சிக்னல் விழுந்து பஸ் நகர்ந்தபோது டிரைவர் அண்ணன் ஏனோ மெதுவாகவே ஓட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கேரட்டைச் சொன்னேன், உள்ளங்கையைச் சொன்னேன். “விளாங்குடி ஆன்ட்டிகூட அங்க சாப்பிடலை அத்தா. கடைசியில பாவம் பாத்து பஸ்ஸுல வச்சுத் தின்னாங்க” என்று முடித்தேன். அத்தா சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் முற்றத்தில் புதுத் தேக்சாவைக் கழுவிக்கொண்டிருந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுந்துபோய் அதற்குத் தண்ணீர் ஊற்றினார். அத்தா பாத்திரம் கழுவத் தண்ணீர் ஊற்றி நான் அதுவரை பார்த்ததில்லை.

மறுவாரம் விளாங்குடி ஆன்ட்டி வீட்டைக் காலி செய்துகொண்டு போனார். அதற்கடுத்துப் பெருநாள் வந்தது. அத்தா நிறையப் பேரை அழைத்துவிட்டார். கறி குவிந்துகிடந்தது. பழைய தேக்சா போதவில்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நாற்காலியைப் போட்டுப் பரணில் ஏறி, துணியில் சுற்றிவைத்திருந்த புதுத் தேக்சாவை இழுத்தேன்.

“அதை எடுக்காத” என்றாள் அம்மா. “அது விளாங்குடியோடது.”

எதிர்வீட்டில் இரவல் பாத்திரம் வாங்கிவர என்னை அனுப்பினாள். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. அது எப்படி அவங்களோடதாகும், நம்மதானே கீழவாசல்ல வாங்குனோம், நானும்தானே கூட வந்தேன் என்று வாசல்படி இறங்கும்வரை சத்தம் போட்டு வாதாடிக்கொண்டே போனேன்.