கிளட்ச் அக்காவும் நின்றுபோன வண்டியும்

என் அக்காவின் சொந்தப் பெயரை இன்று அவள் மாமியாரே யோசித்துத்தான் சொல்ல வேண்டும். ஊருக்கு அவள் கிளட்ச் அக்கா. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறாள். பள்ளி என்றதும் பெரிய கட்டடத்தை நினைத்துவிட வேண்டாம். ஒரு அறை, ஒரு மேசை, சுவரில் சாலைக் குறிகள் அச்சடித்த படம், வாசலில் பழைய வெள்ளைக் கார், அவ்வளவுதான். மேசைக்குப் பின்னால் நான் இருப்பேன். காருக்குள் அக்கா இருப்பாள்.

அந்தக் காரில் அக்கா உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் உண்டு. ஆனால் அவளுக்குக் காலைவிட வாய்தான் வேகமாக வேலை செய்யும். புதிதாகப் பழகுகிறவர்கள் கிளட்சை வெடுக்கென்று விட்டால் வண்டி குலுங்கி நின்றுவிடும். அந்த நொடியே "கிளட்ச்!" என்று காது கிழியக் கத்துவாள். எதிர்க்கடைக்காரர் தூக்கிவாரிப்போட்டு எழுந்து உட்காருவார். கத்தி முடித்த கையோடு அவளே சிரித்தும்விடுவாள் என்பதால் யாரும் அவளிடம் கோபித்துக்கொண்டதில்லை. எனக்குத்தான் அந்தச் சிரிப்பு கிடைப்பதில்லை. தம்பியாகப் பிறந்த பாவம்.

அந்த வருடம் வந்து சேர்ந்த பெண்மணிதான் மடிப்பு. மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் இஸ்திரி எந்திரத்தின் முன்னால் நின்று விரிப்புகளை மடிக்கிற வேலை. கையில் எது கிடைத்தாலும் நாலாக மடித்துவிடுவார். எங்கள் பள்ளியின் நோட்டீசை மடித்தார், வண்டி துடைக்கிற துணியை மடித்தார், ஒரு நாள் நான் கழற்றிப் போட்டிருந்த சட்டையையும் மடித்து வைத்துவிட்டுப் போனார். பெயர் தானாக ஒட்டிக்கொண்டது.

சலவைக் கூடத்து வேனை ஓட்டுகிறவர் வேலையை விட்டுப் போகப் போகிறார். மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் கையில் இருந்தால் அந்த வேலை மடிப்புக்கு என்று மேற்பார்வையாளர் வாக்குக் கொடுத்திருந்தார். இல்லாவிட்டால் வெளியாள் வந்துவிடுவார்.

"அந்த ஆவியில நின்னு நின்னு மூஞ்சியே வெந்துபோச்சு தம்பி. ஜன்னல் பக்கம் உக்காந்து காத்து வாங்கிட்டே வேலை பாக்கணும்" என்று என்னிடம் சொன்னபோது அவர் கண்ணில் அப்படி ஒரு ஆசை.

முதலில் நன்றாகத்தான் ஓட்டினார். பிறகு வண்டி நிற்க ஆரம்பித்தது. சிக்னலில் வேகத்தைக் குறைத்தால் நின்றது, கியர் மாற்றும்போது நின்றது. மறுபடி கிளம்ப வெகுநேரம் அடம்பிடித்தது. மடிப்புக்கு மட்டுமா? ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் பழகிக்கொண்டிருந்தார், அவருக்கும் நின்றது. காலை வகுப்பு, மாலை வகுப்பு என்று பேதமில்லாமல் எல்லாருக்கும் நின்றது. ஒவ்வொரு முறையும் அக்கா "கிளட்ச்!" என்றாள். ஒவ்வொருவரும் "மன்னிச்சிருங்க டீச்சர்" என்றார்கள். இத்தனை பேருக்கும் ஒரே மாதத்தில் எப்படிக் கால் மரத்துப்போகும் என்று அக்காவும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. வேறு எந்த வீட்டுக் கார் இப்படி நின்றாலும் முதலில் வண்டியைத்தான் சந்தேகப்படுவார்கள். எங்கள் பள்ளியில் வண்டி நின்றால் குற்றவாளி ஏற்கனவே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒரு நாள் பெரிய ரவுண்டானாவில் மடிப்பு ஓட்டிய வண்டி ஒரு பேருந்துக்கு முன்னால் நின்றுவிட்டது. ஹாரன் சத்தம் ஊரைக் கூட்டியது. பேருந்து ஓட்டுநர் இறங்கி வந்து கண்டபடி பேசினார். அக்கா பதிலுக்கு அவரை வறுத்தெடுத்தாள். ஆனால் மடிப்புக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுநாள் பழகுநர் லைசென்ஸை நாலாக மடித்து என் மேசைமேல் வைத்தார்.

"எனக்கு இது வராது தம்பி. டீச்சர்கிட்ட சொல்லிடுங்க. வேனை வேற யாராவது ஓட்டட்டும்."

அக்கா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. பாதியில் விட்டுப்போன மாணவர் என்று அவளுக்கு யாரும் இருந்ததில்லை.

இரண்டொரு நாள் கழித்து, பள்ளியின் புதுப் பெயர்ப்பலகையை வாங்கி வர அவள் தனியாகக் கிளம்பினாள். பாலத்தின்மேல் நேர் சாலை, டாப் கியர், நல்ல வேகம். இன்ஜின் இருமியது, இழுத்தது, பொசுக்கென்று அணைந்தது. பழக்க தோஷம், "கிளட்ச்!" என்று கத்திவிட்டாள். வண்டியில் வேறு யாரும் இல்லை. குனிந்து தன் இடது காலைப் பார்த்தாளாம்.

"டேய், என் கால் பாட்டுக்கு சும்மா கிடந்துச்சுடா" என்று போனில் சொன்னாள். குரலே மாறியிருந்தது.

மெக்கானிக் பின்சீட்டைத் தூக்கினார். பெட்ரோல் டேங்குக்குள் இருக்கிற பம்ப் போய்விட்டது என்றார். கொஞ்ச தூரம் ஓடிச் சூடானதும் அது இன்ஜினுக்குப் பெட்ரோலை அனுப்பாமல் நின்றுவிடும். ஆறினால் மறுபடி ஓடும்.

"டேங்குல எப்பவும் அடியில கொஞ்சமாத்தான் போட்டு வைப்பீங்களா?" என்று கேட்டார். "பெட்ரோல்ல முங்கி இருந்தாத்தான் பம்ப் சூடாகாம இருக்கும்."

எல்லாரும் மாமாவைப் பார்த்தோம். அக்காவின் கணவரான அவர்தான் பெட்ரோல் போடும் இலாகா.

"நிறையப் போட்டா வண்டி கனமாயிடுமே, படிக்கிறவங்க பாவம்னு..." என்று இழுத்தார் மாமா.

அதற்குப் பிறகு அக்கா பேசியதை எழுதினால் தாள் தாங்காது.

புதுப் பம்ப் மாட்டியதும் அவள் வீடு வீடாகப் போனாள். நீதிபதி முழுவதையும் கேட்டுவிட்டு, "மத்த நாள் எப்படியோம்மா, திங்கக்கிழமை நின்னதுக்கு நான்தான் காரணம்" என்று ஒப்புக்கொண்டார். அங்கிருந்து நேராகச் சலவைக் கூடம். நானும் போயிருந்தேன். ஆவியில் ஆள் முகமே தெரியவில்லை. எந்திரச் சத்தத்துக்கு மேல் அக்கா கத்தினாள்.

"அன்னிக்கு பஸ்சுக்கு முன்னாடி நின்னது வண்டி. உன் தப்பு இல்ல. பம்ப் கெட்டுப்போயிருந்துச்சு. தெரியாம உன்னத் திட்டிட்டேன். தப்பு என்னோடது."

மடிப்பு விரிப்பை மடித்துக்கொண்டே தலையாட்டினார். "ஆறுதலுக்குச் சொல்றீங்க டீச்சர்."

அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஆறுதல் சொல்ற மூஞ்சியா இது? என்னிக்காவது நான் யாருக்காவது ஆறுதல் சொல்லிப் பாத்திருக்கியா?"

சலவைக் கூடமே சிரித்தது. மேற்பார்வையாளர் எந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார். மடிப்பு மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப நின்னதெல்லாம் வண்டிதானா?"

"இல்ல. சிலது நீதான். எது நீ, எது வண்டின்னு எனக்கே இப்ப தெரியல. நல்ல வண்டியில ஓட்டிப் பாத்தாத்தான் உனக்கே தெரியும். வா."

மடிப்பு கையிலிருந்த விரிப்பைப் பாதி மடிப்பிலேயே வைத்தார். அப்படி அவர் எதையும் விட்டுவைத்து நான் பார்த்ததில்லை.

பரீட்சைக்குக் கொஞ்ச நாளே இருந்தது. தினமும் காலையும் மாலையும் ஓட்டினார். அக்கா வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வண்டி நின்றால், "இப்ப யாரு?" என்று மட்டும் கேட்டாள். மடிப்பு யோசித்துப் பதில் சொன்னார். போகப் போக அந்தக் கேள்விக்கு வேலை குறைந்தது.

பரீட்சை நாளில் மைதானத்து வேலிக்கு வெளியே நானும் அக்காவும் நின்றோம். வளைவு, பின்னோக்கி ஓட்டுதல் எல்லாம் நன்றாகப் போனது. கடைசியில் மேடு. பாதி ஏற்றத்தில் வண்டி குலுங்கி நின்றது. அக்கா வேலிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஜன்னல் திறந்திருந்ததால் உள்ளே பேசியது எங்களுக்குக் கேட்டது.

"வண்டியில ஏதாவது கோளாறா?" என்றார் பரீட்சை அதிகாரி.

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல சார்" என்றார் மடிப்பு. குரலில் நடுக்கம் இல்லை. "இது நான்தான். கிளட்சை சீக்கிரம் விட்டுட்டேன். இருங்க, எடுக்கிறேன்."

ஹாண்ட் பிரேக்கைப் போட்டார். சாவியைத் திருப்பினார். வண்டி ஒரு அடிகூடப் பின்னால் சரியாமல் மேட்டில் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. அதிகாரி தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அக்கா அழுதுகொண்டிருந்தாள். "பாத்தியாடா," என்றாள், "எவ்வளவு தைரியமா 'நான்தான்'னு சொல்றா!"