பதினோராம் பக்கத்துக் கையொப்பம்

அழகுமலை படித்த சண்டை ஒன்பது நூற்றாண்டுகளுக்கும் மேல் பழையது. ஆயருக்கு மோதிரமும் கோலும் கொடுக்க வேண்டியவர் அரசரா, பாப்பரசரா? அதற்காக ஜெர்மனியில் ஊர்கள் எரிந்தன. இலங்கை மலைநாட்டில், ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் 1951இல் பிறந்தவர், பதுளைப் பாதிரியார் ஒருவரிடம் லத்தீன் கற்று, பல்கலைக்கழகத்தில் முப்பத்தொரு வருடம் அந்தச் சண்டையின் வரலாற்றையே கற்பித்தார்.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்தவை மடங்களின் கள்ளப் பட்டயங்கள். நிலத்துக்கு ஆசைப்பட்ட துறவிகள் புதுத் தோலில் எழுதி, அதைப் புகையில் வாட்டிப் பழசாக்கி, செத்துப்போன அரசரின் முத்திரையை ஒட்டினார்கள். அப்படி நாற்பத்தேழைக் கண்டுபிடித்தார். ஒவ்வொன்றையும் அழுகின உருளைக்கிழங்கு மூட்டையை அவிழ்ப்பதுபோல முகம் சுளித்தபடியே படித்தார்.

ஓய்வு பெற்றுப் பதுளைக்கு வந்த ஏழாம் வருடம், 2023 தை மாதம், தோட்டத்துக் கோயில் தலைவர் சதாசிவம் தேடி வந்தார். கும்பாபிஷேக மலருக்குக் கோயில் வரலாறு வேண்டுமாம்.

“எங்க தாத்தா பெரிய கங்காணி கட்டுன கோயில்னு எழுதுங்க சார். பரிவட்டம் தங்களுக்குத்தான் கட்டணும்னு கீழ் லயத்து ஆளுங்க கெளம்பியிருக்காங்க. டாக்டர் நீங்க எழுதிட்டா வாய மூடிருவாங்க.”

“கட்டுனதே அவங்கதாங்க. எழுபத்தி நாலுல ஒம்பது கெழடுங்கள கேட்டு எழுதி வச்சிருக்கேன். ஞாயித்துக்கெழம எல்லாம் ஆத்துல இருந்து கல்லு சொமந்திருக்காங்க. ஒங்க தாத்தா குடையப் புடிச்சிக்கிட்டு நின்னு பாத்திருக்காரு.”

சதாசிவம் சிரித்தார். “போப்பாண்டவரப் பத்தி அம்புட்டு எழுதுனீங்களே, அவரு வந்து சரி பாத்தாரா? ஒங்களுக்கும் ஒரு பரிவட்டம் கட்டிருவோம்.”

அழகுமலை முகம் சுளித்தார். அந்தத் துறவிகளாவது தோலை வாட்ட மெனக்கெட்டார்கள். இவன் வெற்றிலை வாயோடு வந்து கேட்கிறான்.

உள்ளதை உள்ளபடி இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். சதாசிவம் மறுபேச்சில்லாமல் வாங்கிப் போனார்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னே அழகுமலை எட்டிப் பார்த்தபோது, ஹாஷிமின் அச்சகத்தில் ஐந்நூறு மலர்கள் அடுக்கியிருந்தன. பதினோராம் பக்கம்: பெரிய கங்காணியின் கனவில் அம்மன் வந்தாள், அவர் கோயில் கட்டினார். கீழே, கலாநிதி அழகுமலை.

“தலைவர் தந்ததத்தான் நான் அடிச்சேன், சேர்,” என்றார் ஹாஷிம். “இனி மாத்த ஏலாது. நாளைக்கு விடிய எடுக்க வாறாங்க.”

அழகுமலை கறுப்புப் பேனா ஒன்றை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஐந்நூறு பிரதியிலும் தன் பெயரைக் கோடு போட்டு அடித்தார். கடைசிப் பிரதியை மூடியபோது, சேற்றிலிருந்து காலை எடுத்தாற்போல் இருந்தது.

விழா அன்று கோயில் வாசலில் கீழ் லயத்துப் பாக்கியலெட்சுமி மலரும் கையுமாக மறித்தாள். கல் சுமந்தவர்களில் ஒருவரின் மகள்.

“இந்தக் கறுப்புக் கோடு நீங்க அடிச்சதா சார்?”

“ஆமாம்மா. பொய்க்குக் கீழ எம் பேரு இருக்கக் கூடாதுல்ல.”

“ஒங்க பேர மட்டும் கழுவிக்கிட்டீங்க. மேல இருக்கிற பொய்ய யாருக்கு விட்டு வச்சீங்க? எங்க அப்பா பேர எழுத அந்தப் பேனாவுல மை இல்லாமப் போச்சா?”

உள்ளே மேளம் உச்சத்துக்குப் போனது. ஐயர் பரிவட்டப் பட்டை விரித்துச் சதாசிவத்தின் தலையில் கட்டினார். அழகுமலை மறுபடி முகம் சுளித்தார். இம்முறை சதாசிவத்தைப் பார்த்தல்ல, பேனா பிடித்த தன் கையைப் பார்த்து.