பிரம்மிச் சாறு குடித்த பையன்

புணேயில் கேம்ப் பகுதியில் இருந்த பேச்சுப் பயிற்சி மையத்தில்தான் அவளைப் பார்த்தேன். ஊரின் இன்னொரு பகுதியான பாணேரிலிருந்து வருவாள், சொந்த ஊர் கோயம்புத்தூர். அவள் மகனுக்கும் என் மகனுக்கும் ஒரே வயது, ஆட்டிசம், பேச்சில்லை. மராத்தி அம்மாக்களுக்கு நடுவே நாங்கள் இருவரும் தமிழில் அழுதுகொள்வோம். அதுவரை அவளை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

ஒரு நாள் அவள் மகன் தெளிவாக "அம்மா" என்றான். காத்திருந்த எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், வயிறு எரிந்தது.

என்ன கொடுத்தாள் என்று எல்லாரும் மொய்த்தார்கள். என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னாள்.

"பிரம்மிச் சாறுங்க. மூளை நரம்பைக் காப்பாத்துமாம். டாக்டர்கிட்டச் சொல்லிடாதீங்க."

அது புதிதில்லை. அங்கே வரும் எந்த அம்மாவின் கைப்பையிலும் டாக்டருக்குத் தெரியாத பாட்டில் ஒன்று இருக்கும்.

மறுநாளே வாங்கிவிட்டேன். ஒரே கசப்பு. என் மகன் வாயைத் திறக்கவில்லை. அவன் சாப்பிடுவது தோசை ஒன்றைத்தான். எனவே மாவில் கலந்து வார்த்தேன். ஒரு வாய் தின்றான், துப்பினான், அதோடு தோசையையே விட்டுவிட்டான். வெறும் மாவில் வார்த்துக் கொடுத்தாலும் தட்டைத் தள்ளினான். பாலைக் குடித்தே கிடந்து இளைத்தான்.

வேறு வழியின்றி டாக்டரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. இதுபோன்ற செடிச் சாறுகளை ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்களாம், சிலவற்றில் நம்பிக்கை தெரிகிறதாம், குழந்தைகளுக்குப் பலிக்கும் என்று இன்னும் யாரும் நிரூபிக்கவில்லையாம். பிடித்த சாப்பாட்டில் எதையும் ஒளித்துக் கலக்காதீர்கள் என்றார்.

நேரே அவளிடம் போனேன்.

"உங்க பேச்சைக் கேட்டு எம்புள்ள தோசையையும் விட்டுட்டான். உங்க பையனுக்கு மட்டும் எப்படிக் குடுத்தீங்க?"

அவள் முகம் வெளிறியது. "அவன் ஒரு சொட்டுக்கூட முழுங்கலீங்க. எல்லாத்தையும் துப்பிட்டான். பேச்சு தானா வந்துச்சு. என்ன செஞ்சேன்னு ஆளாளுக்குக் கேக்கறப்ப, ஒண்ணுமே செய்யலீன்னு சொல்ல வாய் வரலீங்க."

பொய் சொன்னதற்காகக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மருந்து என்றால் அவளைப் போல நானும் வாங்கிவிடலாம் என்று அத்தனை நாளும் ஒரு தெம்பு இருந்தது. சும்மா இருந்தவள் வீட்டுக்குப் பேச்சு தானாக வந்திருக்கிறது. என் வீட்டுக்கு மட்டும் ஏன் வரவில்லை? அன்றைக்குத்தான் அவளைப் பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை.