நாவல் மரத்தை வெட்ட நான் கொடுத்த மனு

புதுக்கோட்டையில் நாங்கள் வீடு வாங்கியபோது காம்பவுண்டுக்குள் ஒரு நாவல் மரம் நின்றது. பாதி நிழல் எங்களுக்கு, பாதி தெருவுக்கு. தெருப்பக்க நிழலில் இஸ்திரிக்காரர் ஒருவர் வண்டி போட்டிருந்தார். குடிவந்த அன்றே என் கணவர் அவரிடம், "நீங்க பாட்டுக்கு இங்கயே இருங்கண்ணே" என்று சொல்லிவிட்டார்.

ஆடி பிறந்தால் அவருக்கும் மரத்துக்கும் ஒத்துப்போகாது. பழம் விழுந்தால் வெள்ளை வேட்டியில் ஊதாக் கறை. வண்டிக்கு மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டு மரத்தைத் திட்டுவார். ஆனால் நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது, நசுங்காத பழமாகப் பொறுக்கி இலையில் மடித்து நீட்டுவார். தின்றுவிட்டுப் போனால் முதல் பீரியடில் கரும்பலகையைப் பார்த்தே பாடம் நடத்த வேண்டும். என் நாக்கைப் பார்த்தால் பிள்ளைகள் சிரிக்கும்.

பெரும்புயல் அடித்த அந்தக் கார்த்திகையில் எங்கள் தெருவில் ஒரு தென்னைகூட மிஞ்சவில்லை. நாவல் மட்டும் மொட்டையாக நின்றது. நாள்கணக்கில் கரண்ட் இல்லை. தெருவே மரத்தடியில் கூடியது. இஸ்திரிக்காரர் வைத்திருந்த கரியில்தான் எல்லோருக்கும் டீ. என் கணவர் கைலியைக் கட்டிக்கொண்டு, டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக் கேட்டு, ஒவ்வொரு செய்தியையும் உரக்கச் சொல்வார். அவர் போய்ச் சில வருடங்களாகின்றன. அவரை நினைத்தால் இன்றும் எனக்கு முதலில் தோன்றுவது அந்த முகம்தான்.

போன வருடம் சமையலறைச் சுவர் வெடித்தது. "வேரு அஸ்திவாரத்துக்குள்ள போயிருச்சும்மா" என்றார் மேஸ்திரி. சொந்த இடத்து மரமானாலும் அனுமதி வாங்கித்தான் வெட்ட வேண்டும் என்றார்கள். ஊர் இப்போது மாநகராட்சி. மனு எழுத உட்கார்ந்தேன். காரணம் என்ற இடத்தில் 'சுவர் விரிசல்' என்று இரண்டு வார்த்தை எழுத ஒரு காலைப்பொழுது ஆயிற்று. இஸ்திரிக்காரரிடம் மட்டும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

பார்வையிட வந்த அதிகாரி என் மகள் வயதுப் பெண். மரத்தின் சுற்றளவை அளந்தார், சுவரைப் போட்டோ எடுத்தார். பிறகு, "அக்கம்பக்கத்துலயும் கேக்கணுங்க" என்று நேரே வண்டியிடம் போனார். இஸ்திரிக்காரர் கூடாது என்பார் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்றும் உள்ளுக்குள் ஆசைப்பட்டேன்.

அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"போன மாசம் ஒரு கெளை ஒடிஞ்சு விழுந்துச்சுங்க. பள்ளிக்கூடம் விட்டுப் புள்ளைக அப்பத்தான் தாண்டிப் போச்சுக. எனக்கு நெழல் வேணுந்தான். அதுக்காக மறைக்க முடியுமா? எடுத்துரச் சொல்லுங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். கிளை விழுந்தது எனக்கே தெரியாது. நான் மகள் வீட்டில் இருந்தபோது நடந்திருக்கிறது. அவரே அதை அப்புறப்படுத்தியிருக்கிறார்.

அதிகாரி போனதும் இஸ்திரிக்காரர் என் பக்கம் திரும்பினார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல டீச்சர்?"

"மனசு வரலண்ணே" என்றேன். அவர் பெட்டியை எடுத்து அடுத்த சட்டையைத் தேய்க்கத் தொடங்கினார்.

உத்தரவு வந்தது. வெட்டலாம், ஆனால் பதிலுக்கு இரண்டு கன்று நட்டுப் போட்டோ அனுப்ப வேண்டும். வெட்டிய அன்று இஸ்திரிக்காரர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, கிளைகள் தெருவில் விழாமல் கயிறு பிடித்தார். அடிமரம் உள்ளே பொந்தாகிக் கிடந்தது. ஆட்கள் போனபின் திரும்பிப் பார்த்தேன். எப்போதும் இல்லாத வெயில் சமையலறை வரை வந்திருந்தது.

சுவரை விட்டுத் தள்ளி ஒரு வேம்பும் ஒரு புங்கையும் நட்டோம். வண்டி இப்போது தெருமுனையில், பெரிய குடைக்கடியில் நிற்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் அவர் எங்கள் போர்ட்டிகோவுக்கு வருகிறார். கை கழுவும் தண்ணீரைக் கொண்டுபோய்க் கன்றுகளுக்கு ஊற்றிவிட்டுப் போகிறார்.