வருஷத்தில் ஏழு நாள் விற்றவள்

தட்டிக் காட்டி விற்கிற பானைக்காரர் பாக்கியசாலி. நான் விற்றது மலைமேல் ஏழு நாள், அதைத் தட்டிக் காட்ட முடியாது.

எண்பதுகளின் நடுவில் டெல்லிக்குப் புதிதாக வந்த வியாபாரம் அது. முசூரிப் பக்கம் ஒரு விடுதி வரப்போகிறது, அதில் ஒரு அறை வருஷத்தில் ஒரு வாரம் ஆயுள் முழுக்க உங்களுக்குச் சொந்தம், மிச்ச வாரங்கள் மற்றவர்களுக்கு. ‘டைம் ஷேர்’ என்று பெயர். ‘உங்களுக்கு ஃப்ளாஸ்க் பரிசு விழுந்திருக்கிறது, மனைவியுடன் வந்து பெற்றுக்கொள்ளவும்’ என்று கடிதம் வந்து, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பஸ் பிடித்துப் போய், ஒரு ஹாலில் மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். என்மேல் கோபம் வந்தால் கொஞ்சம் பொறுங்கள். நானும் மாட்டிக்கொண்டவள்தான். நீங்கள் மேஜைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

ஒட்டுக் கேட்கும் உத்தியோகம்

என் கணவருக்கு மத்திய சர்க்கார் வேலை, லோதி ரோடில் குவார்ட்டர்ஸ். குழந்தைகள் பள்ளிக்குப் போன பிறகு வீட்டில் எனக்குக் கை ஓயாவிட்டாலும் வாய் ஓய்ந்து கிடந்தது. பேச்சு வேலை என்று கேள்விப்பட்டுப் போனேன். மேனேஜர் கன்னா என்னைச் சேர்த்துக்கொண்டதோ பேசுவதற்காக இல்லை, கேட்பதற்காக! ஆர்.கே.புரம் சர்க்கார் குடியிருப்பிலிருந்து வரும் தமிழ்க் குடும்பங்கள் விற்பனைக்காரனுக்கு எதிரிலேயே தமிழில் கலந்து பேசிவிட்டு, ‘சோச்கே பதாயேங்கே’, யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து போய்விடுவார்களாம். என்ன பேசினார்கள் என்று தெரியாமல் கன்னாவுக்குத் தலை வெடித்தது. அதனால் பக்கத்து மேஜையில் நானும் ஒரு வாடிக்கையாளர் மாதிரி உட்கார்ந்து, கேட்டதை அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். வெட்கமாகத்தான் இருந்தது. சம்பளம் வெட்கத்தைக் கொஞ்சம் மறைத்தது.

முதல் ஞாயிறு வந்தவர்கள் கோயமுத்தூர்த் தம்பதி. கன்னா ‘இன்றைக்கு மட்டும் இந்த விலை’ என்று மேஜையைத் தட்டத் தட்ட, அந்த அம்மாள் முகத்தில் சிரிப்பு மாறாமல் கணவரிடம் சொன்னார்: “ஏனுங்க, இன்னைக்கு மட்டும்னு எட்டுத் தடவ சொல்லிப்போட்டாரு. நாளைக்கு அந்த மலை எங்கீங்க போயிரும்? ஃப்ளாஸ்க்க வாங்கீட்டுக் கெளம்பலாமுங்க.” எனக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. குட்டு உடைந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், கன்னாவைப் பார்த்தார், ஃப்ளாஸ்க்கைப் பையில் வைத்தார். போகும்போது என் தோளைத் தொட்டுச் சொன்னார்: “அம்மிணி, நல்ல சரக்கு விக்கறவன் ஒட்டுக் கேக்க ஆளு போட மாட்டானுங்க.”

முதல் போணி

ஒட்டுக் கேட்பதற்குச் சிரிப்பை அடக்கத் தெரிய வேண்டும் என்பதால் கன்னா என்னை விற்பனைக்கு மாற்றினார். என் முதல் போணி ஸ்டெல்லா. நாகர்கோவில்காரி, ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ், கல்யாணம் ஆகாதவள். அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. ஊரிலிருக்கும் அப்பாவையும் அம்மாவையும் ஒரு முறை பனிமலைக்குக் கூட்டிப் போக வேண்டும். லாட்ஜ்காரர்களிடம் கெஞ்சாமல், சொந்த அறையில் உட்கார வைத்துக் காட்ட வேண்டும். அதற்காகச் சேமநிதியில் கடன் எடுத்து வந்திருந்தாள். ஆறு வருஷத்து நைட் டியூட்டி அந்தக் கவரில் இருந்தது.

நான் அப்போது அந்த விடுதியை நம்பினேன். கடவுள் சத்தியமாக நம்பினேன். சுவரில் மாட்டியிருந்த வண்ணப் படத்தை நாள் முழுக்கப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வரும். கன்னாவும் வந்து உட்கார்ந்து வாக்குறுதிகளை அள்ளி வீசினார். வெந்நீர் உண்டு, டிவி உண்டு, மெத்தை உண்டு என்று அடுக்கினார். ஸ்டெல்லா பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னாள்: “அக்கா, டிவி எல்லாம் வார்டுலயே இருக்கு. சன்னலத் தொறந்தா பனி தெரியணும், எனக்கு அது போதும்.”

கொடி குத்திய காகிதம்

எங்கள் பிளாக்கில் மாடி வீட்டில் இருந்தவர் நாகராஜன், ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். அவரிடமும் ஒரு வாரம் விற்கப் பார்த்தேன். ஒப்பந்தத்தை முதலில் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க வேண்டும் என்றார். கம்பெனியில் அது கூடவே கூடாது. ஹாலிலேயே படித்து ஹாலிலேயே கையெழுத்துப் போட வேண்டும். மாடிப்படியில் தினமும் பார்க்கிற மனிதரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? ஒரு பிரதியைக் காய்கறிப் பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நாலாம் நாள் அது திரும்பி வந்த கோலத்தைப் பார்க்க வேண்டுமே! ஓரமெல்லாம் காகிதக் கொடி குத்தி, ஏ, பி, சி என்று எழுத்துப் போட்டு, மேலே ஒரு பக்கம் ‘நோட்டிங்’, அதாவது ஆபீஸ் குறிப்பு. கொடி ஏ: பராமரிப்புக் கட்டணம் ‘அவ்வப்போது முடிவு செய்யப்படும்’, முடிவு செய்வது யார்? கொடி பி: நிலத்தின் பத்திர எண் காலியாக உள்ளது. கொடி சி: வாங்கியவர் விற்க விரும்பினால் வாங்க ஆள் உண்டா? தயவுசெய்து தெளிவுபடுத்தவும். சர்க்கார் ஆபீஸில் ஃபைலை இழுத்தடிக்கிறார்கள் என்று நானும் திட்டியிருக்கிறேன். அந்த இழுத்தடிப்புக்குள் இவ்வளவு மூளை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. பிரதியைக் காட்டாமல் கேள்விகளை மட்டும் கன்னாவிடம் கேட்டேன். இதெல்லாம் யாருமே கேட்டதில்லையே என்று எரிந்து விழுந்தார். நாகராஜனிடம் அதை அப்படியே சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “கையெழுத்துங்கறது கடைசி வேலைம்மா. அதை முதல்ல பண்ணச் சொன்னா, எங்க செக்‌ஷன்ல ஃபைல் வந்த வழியே திரும்பிப் போகும்.”

ஆய்வு அறிக்கை

கொடி பி என்னைத் தூங்க விடவில்லை. பத்திர எண் இல்லை என்றால் நிலம் யாருடையது? ஸ்டெல்லாவின் கவர் கண் முன்னால் வந்து நின்றது. இன்னொன்றையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஊழியர் சலுகை என்று ஆசைப்பட்டு, கணவருக்குத் தெரியாமல் நானும் ஒரு வாரம் வாங்கியிருந்தேன்.

நாகராஜன் அந்த வருஷம் எல்.டி.சி.யில், அதாவது சர்க்கார் கொடுக்கும் பயணச் சலுகையில், ஹரித்வாருக்கும் முசூரிக்கும் குடும்பத்தோடு போனார். ‘சார், அப்படியே அந்த இடத்தையும் ஒரு பார்வை...’ என்று இழுத்தேன். மற்றவர்கள் ஸ்வெட்டர் வாங்கிய நேரத்தில் அந்த மனிதர் மனைவியையும் கூட்டிக்கொண்டு மூன்று மைல் ஏறியிருக்கிறார். அங்கே இருந்தது ஒரு சரிவு, நாலு ஆடு, ஒரு டீக்கடை. டெல்லியிலிருந்து இப்படி விசாரித்து வருகிறவர்களை நம்பியே இரண்டு பெஞ்சு கூடப் போட்டிருப்பதாக டீக்கடைக்காரர் சந்தோஷமாகச் சொன்னாராம். திரும்பி வந்ததும் நாகராஜன் எனக்கு ஒரு பக்க அறிக்கை கொடுத்தார், ஆடுகளின் எண்ணிக்கை உட்பட. அதைப் படித்து என் முகம் போன போக்கைப் பார்த்து அவர் மனைவிதான் மெதுவாகச் சொன்னார்: “மலை இருக்கு வத்ஸலா, அதுல சந்தேகமே இல்ல. கட்டடம்தான் இன்னும் படத்தை விட்டு எறங்கல.”

வார்டு வழக்கம்

மறுநாள் ஆஸ்பத்திரி நர்ஸ் விடுதிக்குப் போய் ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அழுதுவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை, பெட்டியிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தாள். டாக்டர் வாயால் ஒரு மருந்து சொன்னால் நர்ஸ் அதை எழுதி, திரும்பப் படித்துக் காட்டி, சொன்னவரிடமே கையெழுத்து வாங்கிவிட வேண்டும். அது வார்டு வழக்கம். அன்றைக்கு நான் ரசீது எழுத உள்ளே போயிருந்த பத்து நிமிஷத்தில், கன்னாவின் வாக்குறுதிகளை அவள் அதே வழக்கப்படி எழுதி வைத்திருக்கிறாள். ‘எப்போது கேட்டாலும் பணம் வாபஸ்’ என்பது மூன்றாவது வரி. கீழே கன்னாவின் கையெழுத்து, நேரத்தோடு. சின்னப் பெண் விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளை யூனிஃபார்மிலேயே வந்து ஹாலில் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். கன்னா மைக்கில் ஒவ்வொரு வாக்குறுதியாகச் சொல்லச் சொல்ல, எழுந்து நின்று, ‘சாப், யே பி லிக்கியே’ என்றாள். இதையும் எழுதிக் கொடுங்கள்! மூன்றாம் தடவை பின் வரிசையில் ஒருவர் ‘எனக்கும்’ என்றார். கூட்டம் முழுக்கச் சர்க்கார் குமாஸ்தாக்கள். பேனா இல்லாத சட்டைப் பை ஒன்றுகூட இல்லை. ஐந்து நிமிஷத்தில் ஹால் முழுக்கக் காகிதம் நீண்டது. புதன்கிழமை ஸ்டெல்லாவுக்கு முழுப் பணமும் டிராஃப்டாக வந்துவிட்டது. அதை என் கையில் கொடுத்தபோது, ஏமாற்றுக்காரராக இருந்தாலும் கன்னாவின் குரலில் நிஜமான மரியாதை இருந்தது: “வத்ஸலாஜி, இனிமேல் யாருக்கு வேண்டுமானாலும் ஃப்ளாஸ்க் கொடுங்கள், நர்ஸுக்கு மட்டும் கடிதம் போடாதீர்கள்.”

பம்பாய்க்காரர்

நான் வேலையை விட்டேன். இரண்டு மாதத்தில் கம்பெனியும் பூட்டிக்கொண்டது. ஊழியர் சலுகையில் வாங்கியவளுக்கு யார் பணம் தருவார்கள்? என்னிடம் ஸ்டெல்லாவின் நோட்டு மாதிரி ஒன்றும் இல்லை. மனத்துக்குள்ளேயே வைத்துப் புழுங்கினேன். அந்தச் சமயத்தில்தான் சஃபாரி சூட் போட்ட ஒருவர், கணவர் ஆபீஸுக்குப் போன நேரமாகப் பார்த்து வீட்டுக்கு வந்தார். என் வாரத்தை வாங்கப் பம்பாயில் ஒரு சேட் தயாராக இருக்கிறாராம், நான் கொடுத்ததைப் போல ஒன்றரை மடங்கு தருவாராம். பெயர் மாற்றும் கட்டணத்தை மட்டும் முன்னால் கட்டினால் போதும், வெள்ளிக்கிழமைக்குள்.

உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை. ‘இன்றைக்கு மட்டும்’ என்று நூறு பேரிடம் சொல்லியிருந்த எனக்கு, ‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்று கேட்டதும் கை பரபரத்தது. வளையலைக் கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, கரோல்பாக்கில் அடகு வைக்கப் போகும் வழியில் நல்ல செய்தியைச் சொல்ல ஸ்டெல்லாவைப் பார்க்கப் போனேன். அவள் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். திரும்பி வந்த பணத்தில் சிம்லாவில் ஒரு சாதாரண லாட்ஜில் இரண்டு நாள் தங்கிப் பனியைப் பார்த்துவிட்டு அன்று காலைதான் இறங்கியிருந்தார்கள். அப்பா முப்பது வருஷம் உப்பளத்தில் வேலை பார்த்தவர். ‘நம்ம உப்பு மாதிரியேதான் இருக்கு, அள்ளிட்டு வர முடியல, அதுதான் கொற’ என்று வாய் நிறையச் சிரித்தார்.

சேட் கதையைச் சொன்னேன். ஸ்டெல்லா டீ ஆற்றுவதை நிறுத்தாமல் கேட்டாள். பிறகு என் கைப்பையை வாங்கி, வளையலை எடுத்து, என் கையில் தானே மாட்டிவிட்டுச் சொன்னாள்: “அக்கா, ஒரு கல்லுகூட வச்சுக் கெட்டாத வீட்ட நீங்க ஏமாந்து வாங்குனீங்க, செரி. அதத் தேடிப் பம்பாயில இருந்து ஒருத்தன் பைசாவோட வாரான்னா மொதல்ல அவன் பைசா வரட்டும், உங்க பைசா எதுக்கு முன்னால ஓடுது?”

ஊரையெல்லாம் மலைமேல் ஏற்றக் கிளம்பிய நான், கடைசியில் என் வாடிக்கையாளர்கள் கையைப் பிடித்துத்தான் பத்திரமாகக் கீழே இறங்கினேன். அதற்கு அவர்கள் கட்டணம் எதுவும் கேட்கவில்லை, முன்னாலும் சரி, பின்னாலும் சரி.