பேட்டரியைக் கழற்றிய பிறகும்

கல்லூரி விடுமுறைக்கு மலையிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்த என் மகள், ஹெட்ஃபோனில் பாட்டுக் கேட்பதற்காக, கையோடு எடுத்துப்போகும் அளவில் பழைய ரேடியோவில் இருக்குமே, அந்தக் கண்ணாடி வால்வுகள் வைத்த ஒரு ஆம்ப்ளிஃபயர் செய்துகொண்டிருந்தாள். பேட்டரிதானே, என்ன செய்துவிடும் என்று நான் மிளகு காயவைக்கப் போய்விட்டேன். அலறல் கேட்டு ஓடிவந்தால் தரையில் கிடந்தாள். பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் தொட்டிருக்கிறாள். ஆனால் வால்வுகளுக்காகப் பல மடங்கு உயர்த்திய மின்சாரம், அதைச் சேர்த்து வைக்கும் கண்டன்சரில் தேங்கி நின்று அடித்துவிட்டது.

அவள் எழுந்து சிரித்தாள்.

சேதி கேட்டு வந்த என் அண்ணன் வாசலிலேயே தொடங்கினார். “பொட்டப்புள்ளைக்கு எதுக்கு கண்ணு இந்த வேல? தூக்கிக் குப்பையில போடு.”

“ஏனுங்ணா, மிளகு பறிக்கப் போயி மூங்கில் ஏணியில இருந்து உழுந்து காலை ஒடிச்சுக்கிட்டீங்களே, மிளகுக் கொடிய வெட்டிப் போட்டீங்களா?” என்று கேட்டேன்.

“அது நம்ம பொழப்பு.”

“இது அவ பொழப்புங்க.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். நான் மகளுக்கு எதிரே உட்கார்ந்தேன். “ஏணியில ஒரு கை மிளகுக்கு, ஒரு கை உசுருக்கு. இங்கயும் அப்படித்தான் சாமி. ஒரு கைய முதுகுக்குப் பின்னால வச்சுக்க.”

“காலேஜ்லயும் அதத்தாம்மா சொல்றாங்க. ரெண்டு கையும் பட்டா நெஞ்சு வழியாப் பாயுமாம்.”

“அப்புறம் ஏன்டி கேக்கல?”

அவள் இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கண்டன்சரில் தேங்கியதை வடித்துவிட்டு மீட்டரை வைத்துப் பார்த்தாள். “கரண்ட் ஒண்ணுமில்லம்மா.”

“இன்னொருக்கா பாரு.”

பார்த்தாள். மீட்டர் முள் அசையவில்லை என்று நானும் எட்டிப் பார்த்துக்கொண்டேன்.

“சரி, வேலையப் பாரு” என்றேன்.